பம்முகிறவரும் கத்துகிறவளும்

எனக்குப் பம்முகிற ஆட்களைப் பிடிக்காது. வருகிறவர் நேராக வர வேண்டும். செருப்புச் சத்தம் கேட்க வேண்டும். வேண்டியதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் அப்படித்தான். நான் வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பாலத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தென்னந்தோப்புகள் இருக்கின்றன.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் பம்முவதற்கென்றே பிறந்தவர்.

பம்முவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒளிந்துகொள்வதை இதில் சேர்க்கக் கூடாது. ஒளிகிறவனை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும், அவன் வேலை முடிந்தது. பதுங்குவதும் ஏறக்குறைய அப்படித்தான். உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்கப் பதுங்கலாம். பம்முகிறவனுக்கு ஒரு பொருள் வேண்டும். மீன் சட்டியோ, அடுத்தவர் தோப்பு மாங்காயோ, ஏதோ ஒன்று. மனசு அதன் மேல் இருக்கும், முகம் மட்டும் வேறு பக்கம் பார்க்கும். தோள் மேலே ஏறிக் கழுத்து உள்ளே போயிருக்கும். பாதம் முதலில் ஓரத்தில் பட்டு, பிறகுதான் முழுசாகத் தரையில் அமரும். நடுவில் யாராவது பார்த்துவிட்டால் சும்மா நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்பதும் பம்முவதில் சேர்த்திதான். பூனையைப் பார்த்தால் புரியும். பூனை இல்லாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவரைப் பார்க்கலாம்.

எங்கள் பக்கம் இந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. தேர்தல் சமயத்தில் அஞ்சு வருஷம் காணாமல் போனவர் வேலி ஓரமாக வந்தால், "பம்மீட்டு வர்றாரு பாரு" என்போம். கல்யாண வீட்டில் கை கழுவப் போகிறவர் மாதிரி போய் முதல் பந்தியில் உட்காருகிறவரையும் அதே சொல்லால் சொல்லுவோம். என் சித்தி மகளை மூணாறு எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. போனில் இப்போது அந்த ஊர்ப் பேச்சுத்தான். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று குரலைத் தாழ்த்தி, "சூப்பர்வைசர் செடிக்குப் பின்னால பம்முதாரு, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாள். எங்கள் ஊர் மலையாளத்து எல்லையில் இருக்கிறது, மலையாளத்திலும் இதே சொல் உண்டு. அங்கேயும் இதே வேலையைத்தான் பார்க்கிறது.

என் வீட்டுக்காரருக்குப் பொருள் அச்சுவெல்லம். அவருக்குச் சுகர் உண்டு. ஆஸ்பத்திரியில் வெல்லத்தைக் கண்ணால் பார்க்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அடுக்களையில் அரிசி டிரம்முக்கு மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த டப்பாவின் மூடி இறுக்கமானது. திறந்தால் டிங்கென்று சத்தம் வரும், அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியும் வெல்லம் குறைந்தது. ஒரு தடவைகூட நான் சத்தத்தைக் கேட்டதில்லை.

"ஏனுங்க, வெல்லத்தை எடுத்தீங்களா?"

"ஆரு? நானா?" என்பார், மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு.

"இல்லீங்க, பல்லி எடுத்துத் தின்னுருக்கும்ங்க. உங்க வாய மோந்து பாக்கட்டுங்களா?"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரரை எவ்வளவு கோபத்தில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். முட்டாள் என்று சொல்லவும் ஒரு ங்க வைக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே என் கோபத்துக்குப் பாதி வேகம் போய்விடுகிறது. மீதிப் பாதியை நான் மாட்டிடம் காட்டுவேன்.

மாடு என்றால் செவலை. எங்கள் மாட்டுச்சாளையில் நாலு உருப்படி உண்டு. மற்ற மூன்றும் மாடுகள். செவலை வேறு. அவள் பிறந்தபோது முன்னங்கால் மடங்கி நின்றுவிட்டது, நான்தான் கையை விட்டு இழுத்தேன். இழுக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் இழுத்தேன் என்று அங்கே நின்றவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கலாம். அவளுடைய காதில் முதலில் விழுந்தது என் குரல்தான்.

காலையில் அஞ்சு மணிக்கும் மத்தியானம் ரெண்டு மணிக்கும் கறவை. பால் சொசைட்டிக்கு வண்டி வருவதற்குள் கறந்தாக வேண்டும். கறக்க உட்கார்ந்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன். முந்தின நாள் யார் யார் என்னை எரிச்சல்படுத்தினார்களோ அவர்கள் எல்லோரையும் செவலையிடம் சொல்லித் தீர்ப்பேன். அவள் அசை போடுவாள். பால் சரசரவென்று இறங்கும்.

சென்ற மாசியில் நல்லேப்பிள்ளியில் என் தம்பி மகள் கல்யாணம். ரெண்டு நாள் போக வேண்டியிருந்தது. கறவையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவருக்குக் கறக்கத் தெரியும், கை நல்ல கைதான். நான் திரும்பி வந்த அன்று மத்தியானம் மடியில் கை வைத்தேன். பின்பக்கம் வலது காம்பு சுட்டது. மேலே கல்லு மாதிரி இறுகியிருந்தது. ஒரு தடவை பீய்ச்சினேன், தயிர்த் திப்பி மாதிரி வந்தது.

"ஏனுங்க, முழுசா கறந்தீங்களா இல்லீங்களா?"

"வந்த வரைக்கும் கறந்தேன் புள்ள. எனக்கு அவ பாலை விடல. அடக்கிக்கிட்டா."

"அடக்கிக்கிட்டாளா? நீங்க பம்மிப் பம்மிப் போயி உக்காந்திருப்பீங்க. மாடு பயந்திருக்கும்ங்க. பேசி இருக்கலாமுல்ல?"

"மாட்டுகிட்ட என்னத்த பேசறது?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. எனக்குத்தான் அன்றைக்குப் புரியவில்லை. கோபத்தில் இருந்தேன்.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்தாள். வடக்கே எங்கேயோ மலையாளத்துப் பெண், என் மகள் வயது. டாக்டரை 'அவள்' என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம், பாசத்தில் எழுதுகிறேன். மடியைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். தினம் ஒரு ஊசி, விடாமல் அஞ்சு நாள் போட வேண்டும், நான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திப்பியைப் பீய்ச்சிக் கீழே விட வேண்டும் என்றாள். விட்டுவிட்டால் அந்தக் காம்பு வற்றிப்போகும், பிறகு எத்தனை கன்று ஈன்றாலும் அதில் பால் வராது.

தூரத்திலிருந்து ஏன் பார்த்தாள் என்றால், செவலைக்கு அவளைத் தெரியும். ஆறு மாதம் முன்னால் குளம்பு நோய்க்கு ஊசி போட்டவள் இவள்தான். அன்றிலிருந்து ஸ்கூட்டர் சத்தமும் அந்த ஸ்பிரிட் வாடையும் செவலைக்கு மறக்கவில்லை. முதல் நாள் நாலு ஆம்பளைகள் சேர்ந்து பிடித்தார்கள். ஊசி இறங்கிவிட்டது. ஆனால் செவலை துள்ளி அப்படியே மடி அடிபடக் கீழே விழுந்தாள். சாயங்காலம் திப்பியோடு ரத்தமும் வந்தது.

மறுபடி வந்து பார்த்த டாக்டர் முகம் மாறிவிட்டது. இனிமேல் யாரும் பிடிக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது என்றாள். இழுத்தால் அறுந்துபோகிற மாதிரி பழைய கயிற்றில் கட்டுங்கள், ஓடினால் ஓடட்டும், விழக் கூடாது. இன்னொரு தடவை விழுந்தால் காம்பு போனது போனதுதான்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பக்கத்து வீட்டில் இருக்கிறார். மச்சாண்டார் என்பது உறவு, கூப்பிடுவது மாமா என்று. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மூணு காம்பு மாட்டை வெச்சுட்டு என்ன பண்றது அம்முணி? பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏத்தி உட்டுட வேண்டியதுதான்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சந்தையில் மூணு காம்பு மாட்டை வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று நான் சோறு தின்னவில்லை.

அப்புறம் எப்படி ஊசி போடுவது என்று கேட்டேன். டாக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். யோசித்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, பம்மி வரணும்" என்றாள். கையால் பூனை மாதிரி காட்டினாள். காட்டியே இருக்க வேண்டாம்.

ரெண்டாம் நாள் ஏற்பாடு பலமாக இருந்தது. ஸ்கூட்டரைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். ஸ்பிரிட் வாடை தெரியாமல் இருக்க, நான் கறவைக்குப் போட்டுக்கொள்கிற பழைய முழுக்கைச் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டேன். சாணியும் புளித்த பாலும் சேர்ந்த வாடை அதில் இருக்கும். மூக்கைச் சுளிக்காமல் போட்டுக்கொண்டாள், நல்ல பெண். மாட்டுத் தீவனப் புல் எங்களுக்கு ஆள் உயரம் நிற்கிறது. அதற்குள் புகுந்து, குனிந்து, ஊசியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். செவலை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பத்தடி. எட்டடி. மூன்று எட்டு வைத்தால் போதும்.

"வாங்க வாங்க டாக்டர்! எப்ப வந்தீங்க? வாங்க!"

மச்சாண்டார். வேலிக்கு மேலே தலை தெரிந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

செவலை திரும்பிப் பார்த்தாள். கயிறு அறுந்தது. அவள் தோப்பைத் தாண்டிப் போய் வாய்க்கால் மேட்டில் நின்றாள். மத்தியானம் இன்னொரு தடவை முயற்சி செய்தோம். இருபதடியிலேயே ஓடிவிட்டாள். அன்றைக்கு ஊசி இல்லை. "நாளைக்கும் போடலைன்னா, எனக்கு உறப்புச் சொல்ல முடியாது சேச்சி" என்று கையை விரித்துவிட்டு டாக்டர் போனாள்.

நான் வேலிக்குப் போனேன்.

"ஏனுங் மாமா, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? அவ பம்மீட்டு வர்றது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது. அதுக்கு?"

"அப்புறம் எதுக்குங் மாமா வாங்கன்னீங்க?"

"வாசலுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம நிக்கறதுக்கு நான் என்ன மாடா அம்முணி?" என்று என்னையே கேட்டார். நிஜமாகவே மனம் நொந்துவிட்டார்.

இவரிடம் இதைப் பேசிப் பயனில்லை. ஒரு கிரகப்பிரவேசத்தில் வீட்டுக்காரன் தன்னைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை என்பதற்காக, பதினோரு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் போகாதவர். அந்த ஆள் அப்போது ஏணி மேல் நின்று மின்விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான், வாயில் ஆணி இருந்தது. ஆணியைத் துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்பது இவர் வாதம். இவர் மட்டுமில்லை, எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நான் ஒருத்திதான் வாங்க என்று சொல்ல மறந்துவிடுவேன். அதற்காக எனக்கு இருக்கிற கெட்ட பெயர் கொஞ்சமில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "அண்ணா, நீங்க நாளைக்குப் பாலத்துலயே போயி நின்னுக்குங்க. அங்கயே எத்தன வாங்க வேணுமோ சொல்லிப்போடுங்க. எளநியும் குடுங்க. அப்புறமேட்டு அவங்க வரட்டும்." மச்சாண்டாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பாலத்து வரைக்கும் போய் வரவேற்பது இன்னும் பெரிய மரியாதை அல்லவா?

மூன்றாம் நாள். பாலத்தில் வரவேற்பு முடிந்தது. இளநீர் குடித்த டாக்டர், என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை முன்னால் என் வீட்டுக்காரர், அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து அவள். அவர் எப்படி நடக்கிறார் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக முழுசாகப் பார்த்தேன். இருபத்தாறு வருஷமாகப் பார்க்க விடாமல் நடந்தவர் அல்லவா? காய்ந்த தென்னஞ்சருகு கிடக்கிறது, அதன் மேல் ஒரு சத்தம் இல்லை. கோபமாகத்தான் வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

என் வேலை செவலையின் தலைப்பக்கம் நின்று அவளைப் பராக்குக் காட்டுவது. டாக்டர் முன்கூட்டியே என்னிடம் கெஞ்சியிருந்தாள். "சேச்சி, ஒந்நு மிண்டாதிரிக்காமோ?" கொஞ்சம் பேசாமல் இருக்க முடியுமா என்று அர்த்தம். இருக்கிறேன் என்றேன். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, செவலையின் முகத்துக்கு முன்னால் போய் ஒரு பிடி புல்லை நீட்டினேன்.

செவலை புல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அசை போடுவது நின்றது. காது ரெண்டும் முன்னால் வந்தன. நான் புன்னகை செய்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள், கயிறு விறைத்தது. பிறந்த நாளிலிருந்து இந்தப் பொம்பளை வாயை மூடி அவள் பார்த்ததில்லை. ஏதோ விபரீதம் என்று முடிவு செய்துவிட்டாள்.

கயிறு நூல் நூலாகப் பிரிவதைப் பார்த்தேன். பொள்ளாச்சி லாரி கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏண்டி, அறிவு கெட்டவளே! உன்ற நல்லதுக்குத்தான இத்தன பேரும் இந்தக் கூத்து அடிக்கறோம்? தின்னற புண்ணாக்குல உப்புக் கொறைஞ்சாக் கண்டுபிடிக்கத் தெரியுது, உன்ற மடி வீங்கிக் கெடக்கறது தெரியலயா உனக்கு?"

செவலை காதைக் கீழே போட்டாள். கயிறு தொய்ந்தது.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சத்தம் போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று வாயைப் பொத்தினேன். உடனே காது மறுபடி எழுந்தது. பின்னாலிருந்து டாக்டர் ரெண்டு கையையும் ஆட்டினாள். "நிர்த்தல்லே சேச்சி! பறஞ்ஞோ, பறஞ்ஞோ!" நிறுத்தாதே, சொல்லு சொல்லு என்கிறாள்.

சொல்லு என்று ஒரு டாக்டரே கேட்கும்போது நான் ஏன் விடுகிறேன்? தம்பி மகள் கல்யாணத்தில் ரசத்தில் உப்பு இல்லாததிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குக் கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காய் சின்னதாக இருந்ததைச் சொன்னேன். பிறகு என் வீட்டுக்காரரிடம் வந்தேன். "நீங்களும்தானுங்க! ரண்டே நாளு. ரண்டு நாளு ஒரு மாட்டுகிட்ட நாலு வார்த்தை பேச முடியலீங்களா? வாயில என்ன கொழுக்கட்டயா இருந்துச்சு? இல்லீங்க, வெல்லம் இருந்திருக்கும்ங்க!" அவர் எனக்கு மூன்றடி தள்ளிக் குனிந்து நின்றார். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். பதில் சொல்ல முடியாத நிலையில் அவர் எனக்குக் கிடைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நான் அதை வீணாக்கவில்லை.

செவலை கண்ணை அரைவாசி மூடி அசை போட ஆரம்பித்தாள். காம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால்கூட விழுந்தது. டாக்டர் செவலையின் கழுத்தில் ரெண்டு தட்டுத் தட்டி ஊசியை இறக்கினாள். தோல் ஒரு தடவை சிலிர்த்தது, அவ்வளவுதான்.

அடுத்த ரெண்டு நாளும் அதே மாதிரி நடந்தது. பாலத்தில் வாங்க, இளநீர், சாளையில் என் பேச்சு, அதன் மறைவில் அவர்கள் ரெண்டு பேரின் பம்மல். விட்டுப்போன நாளுக்குப் பதிலாக ஆறாம் நாளும் ஒன்று போட்டாள். கடைசி நாள் மச்சாண்டார் டாக்டருக்கு ஒரு குலை வாழைப்பழம் கொடுத்து, பாலத்து வரைக்கும் போய் மூன்று தடவை "போயிட்டு வாங்க" சொன்னார்.

காம்பு உடனே சரியாகவில்லை. திப்பி குறைந்தது, பிறகு தண்ணீர் மாதிரி வந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் அந்த வலது காம்பைப் பிடித்துப் பீய்ச்சினேன். வெள்ளையாக, நூல் பிடித்த மாதிரி நேராகப் பாத்திரத்தில் விழுந்தது. மருந்து வாசம் போகிற வரைக்கும் சொசைட்டிக்கு ஊற்றாமல் கீழே விட்டுக்கொண்டிருந்தேன், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தைப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஆக, நான் கத்தினால் செவலை பால் விடுவாள் என்று தெரிந்துவிட்டது. நான் கத்தும்போது யார் பம்மினாலும் செவலைக்கே தெரியாது என்பதும் தெரிந்துவிட்டது. இந்த ரெண்டாவதைப் பற்றி நான் மேற்கொண்டு யோசித்திருக்க வேண்டும். கோபக்காரிகளுக்கு யோசனை தாமதமாகத்தான் வரும்.

போன வாரம், காலைக் கறவை. செவலையின் நாலு காம்பிலும் பால் இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் கரண்ட் ஆபீஸ்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஏதோ தோன்றியது. ஒரு வார்த்தையின் பாதியில் வாயை மூடினேன்.

செவலை தலையைத் தூக்கினாள். பால் நின்றது. அந்த அமைதியில், அடுக்களையிலிருந்து தெளிவாக வந்தது.

டிங்.

அந்த டப்பாவை வாங்கின நாளிலிருந்து. தினம் ரெண்டு வேளை. நான் கத்திக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து.

"ஏனுங்க!" என்றேன்.

அவர் அடுக்களை ஜன்னலில் தலையை நீட்டினார். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்தார், செவலையைப் பார்த்தார், பாதி நிறைந்த பாத்திரத்தைப் பார்த்தார். ரோட்டில் பால் வண்டியின் ஹாரன் கேட்டது.

"இன்னும் ரண்டு நிமிசம் திட்டு புள்ள" என்றார். "பாலு எறங்கட்டும்."